டைல் வெட்டும் தூசி: வீட்டைப் புதுப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதுமனை புகுவதற்கு நாள் குறித்த பிறகுதான் பல வீடுகளில் குளியலறை வேலை தொடங்குகிறது. நாள் நெருங்க நெருங்க வேலை இரவிலும் தொடர்கிறது. அயலவருக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று கராஜின் கதவை இறக்கிவிட்டு, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு, கிரைண்டரால் டைல்களை வெட்டுகிறார்கள். அயலவர் மீதான அக்கறை நல்லதே. ஆனால் மூடிய கராஜுக்குள் உலர்ந்த டைலை வெட்டுவதைவிட நுரையீரலுக்குக் கேடான செயல் இந்த வேலையில் வேறில்லை.

டைல் வேலை என்றதும் பெரும்பாலானோர் அஞ்சுவது சுழலும் தகட்டுக்கு. அந்த அச்சம் நியாயமானது. அதனாலேயே கையையும் கண்ணையும் ஓரளவேனும் காத்துக்கொள்கிறார்கள். தூசிக்கு யாரும் அஞ்சுவதில்லை. அது குத்துவதில்லை, சுடுவதில்லை, இரத்தம் வரச் செய்வதில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தத் தூசியைப் பற்றியது. வீட்டு வேலையைத் தாமே செய்பவர்களும், டைல் பதிப்பவரை அமர்த்துபவர்களும், அதையே தொழிலாகக் கொண்டவர்களும், வார இறுதிகளில் அவர்களிடம் உதவியாளராகச் செல்லும் மாணவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். இங்கு கூறப்படும் சட்ட விதிகள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியவை.

தூசியில் இருப்பது என்ன?

டைல் என்பது களிமண்ணும் மணலும் வேறு சில கனிமங்களும் சேர்த்து அழுத்திச் சூளையில் சுட்ட பொருள். மணலில் உள்ள சிலிக்கா எனும் படிகக் கனிமம் டைலிலும் உண்டு. செராமிக் டைல்களில் அதன் அளவு 5 முதல் 45 விழுக்காடு வரை வேறுபடும். டைல் முழுதாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. பதித்த தரையில் நடப்பதாலோ கழுவுவதாலோ எதுவும் நேராது. வெட்டும்போதும், தேய்க்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும்தான் அது மூச்சோடு உள்ளே செல்லும் தூளாகிறது.

வெட்டும்போது எழும் வெண்ணிறப் புகையைக் கண்டு, அது அடங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. கண்ணுக்குத் தெரிபவை பெரிய துகள்கள். அவை விரைவில் தரையில் படிந்துவிடும். மூச்சோடு சென்றாலும் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் அடியாழம்வரை செல்பவை, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கிலும் சிறியவை. அவை தெரிவதில்லை, காற்றோட்டமில்லாத இடத்தில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டேயிருக்கும். வெட்டி முடித்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, அதே கராஜில் அமர்ந்து தேநீர் அருந்துபவர் அவற்றைத்தான் சுவாசிக்கிறார்.

ஆஸ்திரேலியாவில் தொழிலாளர் ஒருவர் 8 மணி நேர வேலையில் சராசரியாகச் சுவாசிக்கக்கூடிய சிலிக்காத் தூசியின் உச்ச வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம். இது எவ்வளவு சிறிது என்பதை இப்படிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள, இரண்டு கார்கள் நிற்கும் கராஜில் சுமார் 86 கன மீட்டர் காற்று இருக்கும். அந்தக் காற்று முழுவதிலும் சேர்த்து 4.3 மில்லிகிராம் நுண்தூசி மிதந்தாலே வரம்பை எட்டிவிடும். அதாவது, ஓர் அரிசிமணியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

நுரையீரலில் தங்கும் இத்துகள்களை உடலால் கரைக்கவோ வெளியேற்றவோ முடிவதில்லை. அவற்றைச் சுற்றித் தழும்பு உண்டாகிறது. தழும்பேறிய பகுதி சுருங்கி விரியும் தன்மையை இழக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ் எனும் நோய். பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்தவர்களுக்கே இது வெளிப்படுகிறது. தூசி மிகுதியானால் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். வந்த தழும்பை நீக்கும் மருந்து இல்லை. சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. காசநோய்க்கு ஆளாகும் வாய்ப்பையும் கூட்டுகிறது. காசநோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்த நம்மவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்து, தங்கள் தொழிலைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். தம் வீட்டுக் குளியலறைக்காக ஒரு வார இறுதியில் சில டைல்களை வெட்டியவருக்கு இந்நோய் வந்தே தீரும் என்பது உண்மையன்று. ஆண்டுக்கணக்கில் சேரும் தூசியே பெரும்பாலும் நோயாகிறது. எனவே மிகவும் கவலைக்குரியவர்கள், வார நாளில் ஒரு வேலையும் சனி ஞாயிறுகளில் டைல் வேலையும் செய்பவர்கள். அவர்களினும் கவலைக்குரியவர்கள், டைலரின் உதவியாளராகச் சென்று, வெட்டும் இடத்தருகே நின்று டைல்களை எடுத்துக்கொடுத்து, மாலையில் உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டும் இளைஞர்கள். தகட்டைப் பிடிப்பவருக்காவது சில வேளைகளில் முகமூடி இருக்கும். கூட்டுபவருக்கு அதுவும் இருப்பதில்லை.

சமையலறை மேடைகளுக்குப் பயன்பட்ட செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது பலருக்கும் தெரியும். அக்கல்லில் சிலிக்கா 95 விழுக்காடு வரையிலும் இருந்தது. அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் நோயுற்றதே தடைக்குக் காரணம். செராமிக், போர்சலீன் டைல்கள் அத்தடையில் அடங்கவில்லை. தடை செய்யப்படாதது என்பதால் அது ஆபத்தற்றது என்று கொள்ளக்கூடாது. 2024 செப்டம்பர் 1 முதல், சிலிக்கா உள்ள எப்பொருளையும் தூசியைக் கட்டுப்படுத்தாமல் வேலைத்தளத்தில் வெட்டுவதையோ தேய்ப்பதையோ சட்டம் அனுமதிப்பதில்லை. டைல் பதிப்பவர் ஒருவரை நீங்கள் அமர்த்தினால், வேலை நடக்கும் நேரத்தில் உங்கள் வீடும் ஒரு வேலைத்தளமே.

அறுப்பதற்குப் பதிலாக முறித்தல்

தூசியிலிருந்து தப்ப எளிய வழி, அதை உண்டாக்காதிருப்பது. நேர்க்கோட்டு வெட்டுகளுக்கு மின்கருவியே தேவையில்லை. கையால் இயக்கும் டைல் கட்டரில் சிறிய கடின உலோகச் சக்கரம் ஒன்று இருக்கும். அதனால் டைலின் பளபளப்பான மேற்பரப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக ஒரு கீறல் போட்டு, கைப்பிடியை அழுத்தினால் டைல் அக்கீறல் வழியே முறிந்துவிடும். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கீறி முறிப்பதும் இவ்வாறே. தூசி மிகச் சிறிதளவே உண்டாகும், சத்தமும் இல்லை, மின்சாரமும் இல்லை. சுவர் டைல்களுக்கும் பெரும்பாலான தரை டைல்களுக்கும் இது போதும். பழக்கமில்லாதவர்கள் இரண்டு மூன்று டைல்களை வீணாக்கக்கூடும். அதற்கென்று சில டைல்களைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். கீறலை இருமுறை போடுவதே பலர் செய்யும் தவறு; இரண்டாம் கீறல் முறிவைக் கோணலாக்கிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் டைல்களைத் தரையில் உலர்வாகப் பரப்பிப் பாருங்கள். நடுவிலிருந்து தொடங்குவதா, வாசலிலிருந்து தொடங்குவதா என்பதை மாற்றினாலேயே வெட்ட வேண்டிய டைல்களின் எண்ணிக்கை பெருமளவு குறையும். ஒரு மணி நேரம் இதற்குச் செலவிடுவது வீணல்ல.

குழாய், கழிவுநீர் வடிகால், கதவுச் சட்டம் ஆகியவற்றைச் சுற்றி வளைவாகவோ மூலையாகவோ வெட்ட வேண்டிய டைல்கள் சில இருக்கும். அவற்றுக்கு நீர் பாயும் டைல் அறுவை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். தகட்டின் மீது தொடர்ந்து நீர் விழுவதால் தூசி எழுமிடத்திலேயே நனைந்து சேறாகிறது. தட்டிலுள்ள நீர் குறைந்தால் தகடு உலர்ந்து மீண்டும் புகை எழும். ஆகவே நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையும் வெளியில், திறந்த இடத்தில் வைத்தே செய்யுங்கள். வட்டத் துளைகளுக்கு வைரத் துகள் பதித்த துளைக்கருவியை, துளையிடும் இடம் நனைந்திருக்க மெதுவாக இயக்குவது போதும்.

கைக் கிரைண்டரைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். தூசியை உறிஞ்சும் மூடியும், அதனோடு இணைந்த எம் அல்லது எச் வகுப்பு வெற்றிடத் தூசி உறிஞ்சியும் இல்லாமல் அதனால் டைலை வெட்டாதீர்கள். ஒருவர் கிரைண்டரைப் பிடிக்க, மற்றொருவர் போத்தலிலிருந்து தகட்டில் நீர் ஊற்றும் வழக்கம் ஒன்று உண்டு. இது தூசிக்கு அஞ்சி மின்சாரத்திடம் அகப்படுவது. சாதாரணக் கிரைண்டர் நீர்பட இயங்குவதற்கென அமைக்கப்பட்டதன்று. நீர் பாயும் இயந்திரமானாலும், அது இணைக்கப்படும் மின்சுற்றில் சேஃப்டி சுவிட்ச் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை வேலைக்கு முன் அழுத்திப் பாருங்கள். மின்கம்பி நனைந்த தரையில் கிடக்கலாகாது.

கிரைண்டரின் நிமிடச் சுற்று 11,000 அளவில் இருக்கும். அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தகட்டைப் பொருத்துபவர்களைக் காண்கிறோம். அப்படிப் பொருத்திய தகடு டைலில் சிக்கினால், கருவி பிடித்திருப்பவரின் கழுத்தை நோக்கித் திரும்பும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முகமூடியும் தாடியும்

முகத்தில் கட்டிய கைக்குட்டை, நனைத்த சால்வை, மருத்துவமனை முகமூடி ஆகிய எதுவும் இந்நுண்தூசியைத் தடுக்காது. பி2 வகை முகமூடி அல்லது வடிகட்டி பொருத்திய அரைமுக முகமூடி வேண்டும். ‘ஏஎஸ்/என்இசட்எஸ் 1716’ என்ற தர எண் அதில் குறிக்கப்பட்டிருக்கும். முகமூடியின் ஓரம் தோலோடு ஒட்டியிருந்தால்தான் பயன் உண்டு. இரண்டு நாள் மழிக்காத தாடியே அதைக் கெடுத்துவிடும்.

நம் சமூகத்துக்கு இது சிறிய செய்தியன்று. ஐயப்பனுக்கு மாலையணிந்து தாடி வளர்க்கும் கார்த்திகை, மார்கழி மாதங்கள்தாம் இந்நாட்டில் கோடை விடுமுறையும் வீட்டு வேலைகளும் சேர்ந்துவரும் காலம். விரதத்தில் இருப்பவர் வெட்டும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். அல்லது தூசி எழாத கை கட்டரை மட்டும் பயன்படுத்தலாம். தாடியுள்ளவர்களுக்கு ஏற்ற, தலையை முழுவதும் மூடி மின்விசிறியால் வடிகட்டிய காற்றைச் செலுத்தும் தலைக்கவசமும் உண்டு. தொழிலாகச் செய்பவர்களுக்கு அது பொருத்தமானது. எந்த முகமூடியானாலும், அது நீருக்கும் உறிஞ்சிக்கும் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

சாரத்தை மடித்துக் கட்டி, இறப்பர்ச் செருப்போடு வேலையில் இறங்குவது நமக்குப் பழக்கம். டைலின் முறிந்த விளிம்பு கண்ணாடியைப் போன்றே வெட்டும், 600 மி.மீ. சதுரப் போர்சலீன் டைல்கள் நான்கு கொண்ட பெட்டி ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. கால்விரல் பகுதியில் இரும்பு வைத்த பாதணியும், பக்கங்களை மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும், காதடைப்பானும் அணியுங்கள். முறிந்த டைல்களைத் தூக்கும்போது கையுறை வேண்டும். ஆனால் சுழலும் தகட்டருகே தளர்வான கையுறை, கைச்சங்கிலி, தொங்கும் கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது.

டைல் ஒட்டும் சிமெண்டுக் கலவை கடும் காரத்தன்மை உடையது. ஈரக் கலவையில் முழந்தாளிட்டு வேலை செய்பவருக்கு உடனே வலி தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்துத் துணியை விலக்கிப் பார்க்கும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரியும். நீர் புகாத முழங்கால் உறையும் நைட்ரைல் கையுறையும் அணியுங்கள். தோலில் பட்டால், நனைந்த உடையை அகற்றிவிட்டு, ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 13 11 26 என்ற நச்சுத் தகவல் மைய எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். அந்தக் கலவைத் தூளிலும் மணல் உண்டு. மூட்டையைக் கொட்டும்போதும் முகமூடி தேவை.

பழைய சுவரை உடைக்கும் முன்

புதிய டைலை வெட்டுவதற்கு முன் பழையதை உடைக்க வேண்டியிருக்கும். வென்ட்வர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் உள்ளிட்ட மேற்கு சிட்னிப் பகுதிகளில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் எழுந்த ஃபைப்ரோ வீடுகள் இன்றும் உள்ளன. ஃபைப்ரோ என்பது சிமெண்டோடு அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார் கலந்த தகடு. வெளியே செங்கல் தெரியும் வீட்டிலும், குளியலறை, துணி துவைக்கும் அறை ஆகியவற்றின் டைல்களுக்குப் பின்னால் இத்தகடு இருக்கலாம். 1990ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட எந்த வீட்டிலும் அது இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31இல்தான்.

இலங்கையில் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அதனாலேயே அப்பெயர் நம்மை அச்சுறுத்துவதில்லை. உடையாமல், தேயாமல் இருக்கும் தகட்டிலிருந்து இழை வெளிவருவது மிகக் குறைவே. சுத்தியலால் உடைக்கும்போதுதான் அது காற்றில் கலக்கிறது. டைல் ஒட்டிய தகட்டிலிருந்து டைலை மட்டும் பெயர்ப்பது அரிது. தகடும் சேர்ந்தே உடையும். இழைகளை உட்கொண்டவருக்கு நோய் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அந்த வேளையில் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு முன்னால் இருப்பது இன்னும் நீண்ட ஆயுள்.

கண்ணால் பார்த்து அஸ்பெஸ்டஸை உறுதிசெய்ய முடியாது. தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு சிறு மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இம்மாநிலத்தில் உதிராத வகை அஸ்பெஸ்டஸ் 10 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், உரிமம் பெற்றவர்தான் அகற்றலாம். உதிரும் வகையாயின் எவ்வளவு சிறிதாயினும் உரிமம் வேண்டும். 10 சதுர மீட்டர் பெரிய அளவாகத் தோன்றலாம். 2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள சிறிய குளியலறையின் நான்கு சுவர்களும் கதவு நீங்கலாகவே 20 சதுர மீட்டர் வரும். ‘இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் உடைத்துத் தருகிறேன்’ என்று குறைந்த விலை சொல்பவரிடம், ஆய்வு முடிவைப் பார்க்காமல் சுவரை ஒப்படைக்காதீர்கள். அஸ்பெஸ்டஸை நகர சபையின் எந்தக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

வேலை முடிந்த பின்

உலர்ந்த தூசியைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் பயன்படுத்தும் சாதாரணத் தூசி உறிஞ்சி, நுண்தூசியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அறைக்குள்ளேயே விடும். வேலை உடையை வாசலிலேயே களைந்து, உதறாமல், மற்ற துணிகளிலிருந்து பிரித்துத் துவையுங்கள். அந்தத் துணியை உதறுபவர் பெரும்பாலும் டைலைத் தொட்டே இராத மனைவியோ தாயோ என்பதை எண்ணிப் பாருங்கள்.

அறுவை இயந்திரத்தின் சேற்று நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றுவது சட்டப்படி குற்றம். நகர சபை அபராதம் விதிக்கலாம். அந்நீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்குச் செல்கிறது. வாளியில் ஒரு நாள் வைத்தால் சேறு அடியில் படியும். காய்ந்து மீண்டும் தூசியாகும் முன் அதைத் தடித்த பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அண்டை வீட்டு அறைக்குள் கேட்கும்படி மின்கருவிகளை இயக்குவதற்குத் திங்கள் முதல் சனி வரை காலை 7 மணிக்கு முன்னும், ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாட்களில் காலை 8 மணிக்கு முன்னும், எந்நாளும் இரவு 8 மணிக்குப் பின்னும் தடை உள்ளது. இரவு வேலைக்காகக் கராஜ் கதவை மூட வேண்டிய தேவை எழாதபடி நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

டைல் பதிப்பவரை அமர்த்தும்போது

உழைப்பும் பொருளும் சேர்த்து 5,000 டாலருக்கு மேற்பட்ட டைல் வேலைக்கு மாநில உரிமம் வேண்டும்; உரிம எண்ணைக் கேட்டு, அரசின் இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள். டைலை எங்கே, எதனால் வெட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். நீர் பாயும் இயந்திரமா, உறிஞ்சியா என்று தெளிவாகச் சொல்பவர் தம் உதவியாளரையும் காப்பவராக இருப்பார். தெரிந்தவர், உறவினர் என்பதற்காகக் கேட்கத் தயங்க வேண்டாம்.

உதவியாளராகச் செல்பவர்களுக்கு: தகுந்த முகமூடியும் தூசியைக் கட்டுப்படுத்தும் கருவியும் தருவது உங்களை வேலைக்கு அழைத்தவரின் சட்டக் கடமை. அவற்றை நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும், ஊதியம் ரொக்கமாகத் தரப்பட்டாலும் இச்சட்டம் உங்களையும் காக்கும். சேஃப்வொர்க் நியூ சவுத் வேல்ஸ் அமைப்புக்கு 13 10 50 என்ற எண்ணில் முறையிடலாம். உங்கள் பெயரைக் கூற வேண்டிய கட்டாயம் இல்லை.

பல ஆண்டுகள் இவ்வேலை செய்தவர்கள், மூச்சுவாங்கல் தொடங்கும்வரை காத்திராமல் குடும்ப மருத்துவரிடம் தங்கள் வேலை விவரத்தைச் சொல்லுங்கள். ஆரம்ப நிலையில் சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், எத்தனை ஆண்டுகள், எவ்வகைத் தூசி என்பதைச் சொல்வது அவசியம். தூசியில் பணியாற்றியவர்களுக்கான நுரையீரல் பரிசோதனைச் சேவையை ‘ஐகேர்’ எனும் மாநில நிறுவனம் நடத்துகிறது.

மேற்கண்ட எந்த அலுவலகத்துடனும் தமிழில் பேச விரும்பினால், 131 450 என்ற மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை முதலில் அழைத்து, ‘தமிழ்’ என்று கூறி, தேவையான எண்ணுடன் இணைக்கும்படி கேளுங்கள். சுவரில் அஸ்பெஸ்டஸ் உள்ளதோ என்ற ஐயத்துக்கும், கழிவை எங்கே ஒப்படைப்பது என்ற கேள்விக்கும், அதே வழியில் நகர சபையின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவைத் தொடர்புகொள்ளலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 000.